சாக்குக்கு அடியில் ஒரு மைக்

அந்தக் கேசட் இப்போது என்னிடம் இல்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் என் கடை அலமாரியின் மூன்றாவது தட்டில், பக்திப் பாடல் கேசட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. தொண்ணூறு நிமிட கேசட். மேலே பச்சை மையில் ‘மரத்தடி’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். ஊர் இல்லை, தேதி இல்லை, பாடியவர் பெயர் இல்லை. மற்ற கேசட்டுகளில் எல்லாம் மைக் எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்பது வரைக்கும் எழுதி வைக்கிறவன் நான். இதில் மட்டும் எழுதாமல் விட்டதற்குக் காரணம், இதைப் பாடியவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தேன் என்பதுதான்.

கோயம்புத்தூரில் டவுன்ஹால் பக்கம் ஒரு மாடியில் எனக்கு ஒலிப்பதிவுக் கடை இருந்தது. கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பது, நோம்பி நாளில் கோவில்களில் பாடுகிறவர்களைப் பதிவு செய்து கேசட் போட்டுத் தருவது, இவைதான் பிழைப்பு. சந்தேகம் என் கூடவே பிறந்தது. தொழில் அதற்குத் தீனி போட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவர் பேச வாயெடுப்பதற்கு முன் இழுக்கும் மூச்சு கேட்கும். பொய் சொல்லப் போகிறவர் எச்சில் விழுங்குவது கேட்கும் என்று அந்த வயதில் நம்பினேன். “காப்பி குடுத்தாக்கூட டம்ளரெக் கவுத்துப் பாத்துப்போட்டுத்தானுங்க நீங்க குடிப்பீங்க” என்று என் மனைவி சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையிலிருந்து ஒரு இயக்குநர் வந்தார். காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த உடுக்கைப் பாட்டுக் குழு பதினொரு வருடங்களுக்கு முன் உடைந்துபோயிருந்தது. அவர்களை மறுபடி ஒன்று சேர்த்துப் பாட வைத்து அதை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்றார். ஒலிக்கு நான். குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை, மூன்றே பேர். உடுக்கையை அடித்துக் கதையை முன்னால் பாடுகிறவர் ஆசான். அவர் பாடிய அடியின் கடைசிச் சொற்களைப் பிடித்துத் திருப்பிப் பாடி, ‘ஆமா’ போட்டு, ஆசான் மூச்சு வாங்க இடம் கொடுக்கிறவர் பின்பாட்டுக்காரர். ஜால்ரா தட்டுகிறவர் தாளக்காரர். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்பாட்டுக்காரர் எந்த நிலையிலும் ஆசானை முந்திப் பாடக் கூடாது. அடி முதலில் ஆசான் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

குழு உடைந்தது அந்த இடத்தில்தான். எங்கள் பக்கத்துக் கோவில்களில் படுகளம் என்று ஒன்று உண்டு. கதையில் அண்ணன் தம்பிகள் போரில் விழும்போது, அருள் வந்த ஆட்கள் நிஜமாகவே மண்ணில் விழுந்து கிடப்பார்கள். வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிவிடுவார்கள். தங்கை வந்து அழுது எழுப்புகிற பாட்டை ஆசான் பாடி, தீர்த்தம் தெளித்தால்தான் எழுந்திருப்பார்கள். விழுந்ததற்கும் எழுவதற்கும் நடுவில் பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் விழுந்தவன் சரியாக எழ மாட்டான் என்பது நம்பிக்கை. மூடிய வேட்டிக்கு இந்தப்பக்கம் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணிமைக்காமல் நின்றுகொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நோம்பியில், ஏழு பேர் விழுந்து கிடக்கும்போது, பின்பாட்டுக்காரர் ஆசானை முந்திக்கொண்டு எழுப்புப் பாட்டைத் தானே எடுத்துப் பாடிவிட்டார். ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். ஆசான் உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, சாமி கும்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து பின்பாட்டுக்காரருக்கு ஊரில் ‘முந்திப்பாடி’ என்று பட்டப்பெயர். ஆசான் இடத்துக்கு ஆசைப்பட்டவன் என்று அதற்கு அர்த்தம். நான் விசாரித்த எல்லோரும் இதையே சொன்னார்கள். ஆசானும் காமிராவைப் பார்த்து, “அவனுக்கு எப்பவுமே முந்தோணுமுங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பின்பாட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “பெரியவரு சொன்னாச் செரியாத்தான் இருக்குமுங்க” என்றார். இந்தப் பதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பழி சுமத்தப்பட்டவன் கோபப்படவில்லை என்றால் பழி உண்மை என்று அப்போது எனக்குப் பட்டது.

படுகளம் விடிவதற்குள் முடிகிற சடங்கு. படம் எடுக்க வெளிச்சம் வேண்டும் என்று இயக்குநர் கேட்டதால் பகலில் வைத்துக்கொள்ளலாமா என்று கோவிலில் சாமியிடம் பூ கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது, சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. மற்ற பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே அரிப்பு. மனைவி கூட இருந்திருந்தால் காலை மிதித்திருப்பாள்.

பின்பாட்டுக்காரர் உடுமலைப்பேட்டையில் ஒரு கொப்பரைக் களத்தில் வேலையில் இருந்தார். ஒல்லியான ஆள். தேங்காய் உடைத்து உடைத்து வலது உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். வந்தவர் கோவிலுக்குள் போகவில்லை. பாட்டு நடக்கப்போகும் வேப்பமரத்தடிக்குப் போய் ஆசான் எங்கே உட்காருவார் என்று விசாரித்தார். வழக்கமாகப் பின்பாட்டுக்காரர் வலது பக்கம் உட்கார வேண்டும். இவர் இடது பக்கம் தான் உட்காருவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “அக்கட்டால வெய்யிலடிக்குதுங்க” என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மரத்தடி முழுக்க நிழல்தான். இடுப்பில் வேட்டி மடிப்பில் ஒரு நாற்பது பக்க நோட்டைச் செருகி வைத்திருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் துண்டை இழுத்து அதன் மேல் விட்டுக்கொண்டார். இத்தனையும் கண்ட பிறகு என்னைப்போன்ற ஒருவனுக்குத் தூக்கம் வருமா?

மறுநாள் காலையில் இருவரும் சந்திப்பதைப் படம் பிடித்தார்கள். பதினொரு வருடம் பேசாதவர்கள் பஸ் நிறுத்தத்தில் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம். முதல் தடவை லாரி ஒன்று குறுக்கே வந்துவிட்டது. இரண்டாவது தடவை காமிராக்காரருக்குத் திருப்தி இல்லை. மூன்றாவது தடவை பின்பாட்டுக்காரரைத் தழுவிக்கொண்டபடியே ஆசான் இயக்குநரைத் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, இன்னுமா ஒட்டுல?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்பாட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆசானின் முகத்தைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

தாளக்காரர் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டிருந்தார். அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அன்று நிஜமாக என்ன நடந்தது, பின்பாட்டுக்காரர் இன்றைக்கும் அதே வேலையைக் காட்டப் பார்க்கிறாரா என்று. அவர் ஜால்ராவை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான் தாளம் போடறவனுங்க தம்பி. ரெண்டு பேத்துக்கும் நடுவுலதான் போடோணும். ஒரு பக்கஞ் சாஞ்சா பாட்டுக் கெட்டுப்போயிருமுங்க.” மழுப்புகிறார் என்று நினைத்தேன். இவருக்கும் இதில் பங்கு இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

என்னிடம் இரண்டு நல்ல மைக்குகள் இருந்தன. ஆசானுக்கு ஒன்று, பின்பாட்டுக்காரருக்கு ஒன்று. ஸ்டாண்டை அவர் முன்னால் நிறுத்தினேன். நான் திரும்பியதும் அவர் அதை ஒரு முழம் அப்பால் தள்ளி வைத்தார். மறுபடி கிட்டே வைத்தேன். மறுபடி தள்ளினார். “எனக்கெதுக்குங்க மைக்கு? பெரியவருக்கு வெய்ங்க. எனக்குத் தொண்டெ பெருசுங்க, தானாக் கேக்கும்” என்றார். பாட வருகிற எவனும் மைக்கை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்ல வருகிற ஆள்கூட மைக்கை வாயில் வைத்துத் தின்னுகிற மாதிரிதான் பிடிப்பார். இவர் எதையோ மறைக்கிறார். ஆசான் காதில் ஏதோ சொல்லி அவரைத் தடுமாற வைக்கப் போகிறார். ஊர் முன்னால், காமிரா முன்னால் மறுபடி முந்தப் போகிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். என் பையில் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று இருந்தது. அவர்கள் உட்கார விரித்திருந்த சாக்குக்கு அடியில், பின்பாட்டுக்காரரின் முழங்காலுக்கு நேராக அதை வைத்து, வயரை மண்ணுக்குள் புதைத்து, வேப்பமரத்து வேருக்குப் பின்னால் இருந்த துணிப்பைக்குள் ஒரு கேசட் ரெக்கார்டரோடு சேர்த்துவிட்டேன். இயக்குநருக்குச் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. படுகளம் விழுந்து, எழுப்புப் பாட்டு தொடங்கும் நேரத்தில், வெற்றிலை எடுக்கப் போகிற மாதிரி போய் பொத்தானை அமுக்கிவிட்டு வந்தேன். திருட்டை நேரில் பிடிக்கப் போகிற போலீஸ்காரரைப் போல எனக்குள் ஒரு மிடுக்கு இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு நன்றாகவே நடந்தது. ஐந்து பேர் விழுந்தார்கள். வெள்ளை வேட்டி போட்டு மூடினார்கள். ஆசானின் குரல் வயதுக்கு மீறிய குரல். உடுக்கையின் தோல் இறுகி இறுகி அவர் குரலோடு கூடவே அழுதது. இடையிடையே பாட்டை நிறுத்திவிட்டு உடுக்கையை மட்டும் இரண்டு சுற்று, மூன்று சுற்று அடித்தார். அது அவர் பாணி என்று நினைத்தேன். அந்தச் சுற்றுகளின்போது பின்பாட்டுக்காரரின் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை, உடுக்கைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. காமிராக்காரர் அந்த உதடுகளைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவருக்கும் அதே சந்தேகம். அரை மணி நேரத்தில் தீர்த்தம் தெளித்து ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். குலவைச் சத்தம் கிளம்பியது. கூட்டம் பந்திக்குப் போனது. நாங்கள் ஸ்டாண்டுகளைக் கழற்றிக்கொண்டு வேனுக்குப் போனோம். அரை மணி கழித்து யாரும் பார்க்காத நேரமாகப் போய்த் துணிப்பையை எடுத்து வந்தேன். கேசட் ஒரு பக்கம் முழுக்க ஓடித் தானாகவே நின்றிருந்தது.

மறுநாள் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முழங்காலுக்கு அருகே இருந்த மைக் உடுக்கையைத் தூரத்தில் தள்ளிவிட்டுப் பின்பாட்டுக்காரரின் வாயைக் கிட்டத்தில் கொண்டுவந்திருந்தது. ஆசான் உடுக்கையைத் தனியாகச் சுற்றி அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முணுமுணுப்பு. “கெளக்கால பொளுது... கெளக்கால பொளுது...” என்று அவர் மெல்லச் சொல்கிறார், அடுத்த நொடி ஆசான் ‘கெளக்கால பொளுது’ என்று கணீரென்று எடுக்கிறார். “சொம்புத் தண்ணி...” இவர் சொல்கிறார், ஆசான் எடுக்கிறார். எடுத்ததும் இவர் ஒன்றுமே தெரியாதவரைப் போல அடியின் கடைசிச் சொல்லைப் பிடித்துப் பின்பாட்டுப் பாடி ‘ஆமா’ போடுகிறார். நான் எண்ணினேன். அந்த அரை மணியில் பதினேழு இடத்தில் ஆசானுக்கு அடி மறந்திருந்தது. பதினேழு இடத்திலும் இவர் எடுத்துக் கொடுத்திருந்தார். ஆசானுக்கு இடது காதுதான் நன்றாகக் கேட்கும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மைக்கை ஏன் தள்ளினார், நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. ஏழு பேர் மண்ணில் கிடக்கையில் ஆசானுக்கு அடி மறந்துபோயிருக்கிறது. பாட்டு நின்றுவிடக் கூடாதே என்று இவர் எடுத்திருக்கிறார். காதில் மெதுவாகச் சொல்லிக் கொடுக்க அன்று அவருக்குத் தெரியவில்லை, பயத்தில் வாய் விட்டே பாடிவிட்டார். அதை இப்போது திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டேப்பை அந்த இடத்தில் நிறுத்தினேன். பாட்டு முடிந்துவிட்டது, எனக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது, இனி மிச்சம் இருப்பது கூட்டத்தின் இரைச்சல்தானே என்று வெளியே எடுத்து ‘மரத்தடி’ என்று எழுதி அலமாரியில் போட்டேன். இயக்குநரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆசானுக்கு மறதி என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். பின்பாட்டுக்காரர் மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துக் காப்பாற்றியதை நான் காற்றில் விட்டதாக ஆகும். மரியாதையான முடிவு என்றுதான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சொல்லியிருந்தால், சாக்குக்கு அடியில் மைக் வைத்தவன் யார் என்ற கேள்வியும் வந்திருக்கும். இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவனுக்குத் தன்னைச் சந்தேகப்பட நேரம் கிடைக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் படத்தைப் போட்டார்கள். ஆசான் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்பாட்டுக்காரர் தன் மகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண், இரட்டைச் சடை. எழுப்புப் பாட்டு வந்தபோது திரையில் அந்த உதடுகள் பெரிதாக, சத்தமில்லாமல் அசைந்தன. பின்னணிக் குரல் சொன்னது: “பதினொரு ஆண்டுகள் கழிந்தும் இவரால் தன் முறை வரும்வரை காத்திருக்க முடியவில்லை.” அரங்கில் நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். நான் எழவில்லை.

வெளியே டீ கொடுத்தார்கள். பின்பாட்டுக்காரர் என்னிடம் வந்து, “சவுண்டு நெம்ப நல்லா இருந்துச்சுங்க. பெரியவரோட தொண்டெ சுத்தமாக் கேட்டுச்சு” என்றார். அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் நகர்ந்ததும் ஆசான் வந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏனுங்க தம்பி, அந்தச் சாக்குக்கு அடீல ஒரு மைக்கு வெச்சிருந்தீங்களே, அதுல ஏதாச்சும் உளுந்துச்சுங்களா?”

கண்டுபிடித்துவிட்டார். தன் மறதி எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறார். அந்தப் பெரிய மனிதரை நிம்மதியாக அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். என் தலையும் தப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

“இல்லீங்கய்யா. அது ஓடவே இல்லீங்க. கேசட்டு வெறுமனேதான் இருந்துச்சுங்க.”

“ஒண்ணுமே உளுகலீங்களா?”

“ஒரு சொல்லுக்கூட இல்லீங்க.”

அவர் தோள் துண்டை எடுத்து உதறி மடித்துப் போட்டுக்கொண்டார். “செரி, செரி. மிஷினு தானுங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் மகளுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்த பின்பாட்டுக்காரருக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நடந்துவிட்டார். நிம்மதியாகப் போகிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து பாடவில்லை. ஆசான் இரண்டொரு வருடத்தில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பின்பாட்டுக்காரர் வெகுநாள் இருந்தார். கேசட் காலம் முடிந்து, சிடி காலமும் முடிந்து, போன வருடம் கடையைக் காலி செய்தேன். எறிவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ‘மரத்தடி’யைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். முணுமுணுப்புகள் போயின, குலவை போயிற்று. கூட்டம் பந்திக்குப் போகும் இரைச்சல் தேய்ந்தது. நான் முன்னால் நிறுத்திய இடத்தைத் தாண்டி டேப் ஓடிக்கொண்டிருந்தது. உடுக்கையைக் கீழே வைக்கும் சத்தம். சொம்பிலிருந்து யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு ஆசானின் குரல்.

“எத்தன அடியப்பா எடுத்துக் குடுத்தே?”

“நா எங்கீங்ணா எண்ணுனேன்? உங்குளுக்கு வாரதுக்குச் சித்த முன்னால எனக்கு வந்துச்சு, அவ்வளவுதான்.”

“பூசி மொளுகாத. எனக்குத் தெரியுமப்பா. அன்னைக்கும் தெரியும். ஏளு பேரு மண்ணுல கெடந்தாங்க. எனக்கு நாக்கு பொரளவே இல்ல. நீ எடுக்குலீன்னா என்ன ஆயிருக்கும்? பதினோரு வருசம் உன்னெத் திட்டியே திரிஞ்சுபோட்டேன். திட்டலீன்னா ஆசானுக்கு மறதி வந்துருச்சுன்னு ஊரு சொல்லிப்போடுமல்லொ.”

“அது தெரிஞ்சுதானுங்ணா நானும் வாயெத் தொறக்குல.”

காக்கை கத்துகிறது. சாக்கின் ஓரத்தைத் தூக்கும் சத்தம் மிகக் கிட்டத்தில் வருகிறது. பின்பாட்டுக்காரர் சொல்கிறார்: “அட, இங்கொரு மைக்கு கெடக்குதுங்ணா. புடுங்கி உட்டுறட்டுங்களா?”

“வேண்டாம் உடு. அந்தச் சவுண்டுத் தம்பி வெச்சதாட்ட இருக்குது. எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லியப்பா. இதுலயாச்சும் கெடக்கட்டும்.”

மைக்கை விரல்கள் தொடும் கரகரப்பு. பிறகு ஆசானின் வாய், நான் பதிவு செய்த எந்தக் குரலும் இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை:

“ஏனுங்க தம்பி, கேக்குதுங்களா? அடி மறந்தவன் நானுங்க. இவன் மேல ஒரு தப்புமில்லீங்க. படத்துல இதெ அப்புடியே போட்டுருங்க தம்பி. கேக்கு—”

கேசட் அந்தப் பக்கம் முடிந்து ‘டப்’ என்று நின்றது.

கை கழுவிவிட்டு வந்து, டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். ஒரு சொல்கூட இல்லீங்க என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான். அவர் ஆழம் பார்க்க வரவில்லை. தன்னால் சொல்ல முடியாததை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்க வந்திருந்தார். பதினைந்து நிமிடம் கூடுதலாக அந்த டேப்பை ஓடவிட எனக்குப் பொறுமை இல்லாமல் போனது. சந்தேகப்படுகிறவன் நன்றாகக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேடியது கிடைத்ததும் அவன் காதை மூடிக்கொள்கிறான்.

உடுமலைக்குப் போனேன். பின்பாட்டுக்காரர் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த இரட்டைச் சடைப் பெண் இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. “அந்தப் படத்துக்காரருங்களா? இன்னும் எதாச்சும் எடுக்கோணுமுங்களா?” என்று கேட்டார். கொண்டுபோயிருந்த பழைய ரெக்கார்டரை அவர் தையல் மேஜையில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அப்பாவின் குரல் வந்ததும் வைத்தார். கடைசி வரைக்கும் கேட்டார்.

“எங்கப்பன் போனன்னைக்குக்கூட முந்திப்பாடி போயிட்டாருன்னுதானுங்க சொல்லிவுட்டாங்க” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். நான் அவருடைய அப்பாவைப் பார்த்த அதே பார்வை. “இத்தன வருசம் இதெ எங்கீங்க வெச்சிருந்தீங்க?”

“என்ற கடையிலதான் இருந்துச்சு அம்மிணி. பாதிதான் கேட்டிருந்தேன்.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல ஆரு பேருமே எழுதலீங்களே” என்றார்.

துணியில் அளவு குறிக்க வைத்திருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன். ‘மரத்தடி’க்குக் கீழே ஊரை எழுதினேன், வருடத்தை எழுதினேன். ஆசான் பெயரையும் பின்பாட்டுக்காரர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். இடம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதில் பொடி எழுத்தில், மறைத்து வைத்துப் பதிவு செய்தவன் என்று போட்டு என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.